எடுத்தாச்சா?

பழைய கேமராவின் லென்ஸுக்குள் பூஞ்சை பூத்துவிட்டது.
வால்டிவியாவில் மழைதான் வீட்டுக்காரர்,
நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்.
பழுதுபார்ப்பவர் டார்ச் அடித்துக் காட்டினார்:
கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளை வேர்கள்.
"ரொட்டிக்காரரே, இனி இதில் மாவு புளிக்க வைக்கலாம்."
சிரித்து வைத்தேன்.

அன்று பின்னிரவு மூன்று மணிக்கு
முதல் தட்டு அடுப்புக்குள் போனதும்
மாவு விரலால் போனைத் தேய்த்தேன்.
முழுச் சட்டகமாம், அரைச் சட்டகமாம்,
இத்தனை கோடிப் புள்ளிகளாம்,
வினாடிக்கு இருபது படமாம்.
என் மனைவி ஒரு சால்மனைக் கீறிக் குடலெடுக்க
ஒன்பது வினாடி ஆகும்.
நூற்றெண்பது நோல்ஃபாக்களை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்வேன்
என்று யோசித்துக்கொண்டிருக்கையில்
கருகல் வாசம்.
நாற்பது ரொட்டி.
கேமரா வாங்கும் முன்பே
கேமராவுக்காகப் போன முதல் காசு.

சனிக்கிழமைக் கூட்டத்தில்
எரிபெர்த்தோ சொன்னார்:
"உடம்பில் மிச்சம் பிடி, லென்ஸில் கொட்டு."
பல் மருத்துவர் யாஸ்னா
அவர் முடிக்கும் வரை காத்திருந்து சொன்னாள்:
"எடையைப் பார். நாற்பதில் தூக்கியதை
அறுபதில் தூக்க மாட்டாய்."
எனக்கு ஐம்பத்தொன்று.
யாரைக் கேட்பது?

பிகார்த்தே சாலைக் கடையில்
மைகோல் என்ற பையன்
பச்சைத் துணி விரித்து மூன்றை வைத்தான்.
முதலாவதைக் கையில் ஏந்தி
எழுநூற்று நாற்பது கிராம் என்றேன்.
அட்டையைத் திருப்பினான்: எழுநூற்று முப்பத்தெட்டு.
முப்பது வருடம் மாவு உருட்டிய கை, தம்பி.
இரண்டாவதன் பொத்தான்கள்
எறும்புக்குச் செய்தவை.
மூன்றாவதில்
சுண்டுவிரலுக்கும் ஓர் இடம் விட்டிருந்தார்கள்.
யாரோ ஒரு பொறியாளர், எங்கோ,
சுண்டுவிரலை மறக்கவில்லை.

"மழை தாங்குமா?"
மைகோல் கதவைத் திறந்து
அதை அப்படியே வெளியே நீட்டினான்.
பத்து எண்ணினோம், இருவரும், சத்தமாக.
பன்னிரண்டு தவணை.

மறுநாள் ஆற்றோரச் சந்தை.
நோல்ஃபாவின் மேசைக்குப் பின்னால்
கடல்சிங்கங்கள்
கடன் கேட்க வந்த மைத்துனர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன.
கன்னத்தில் ஒட்டிய செதிலோடு
கத்தியை நிமிர்த்திப் பிடித்து
வழக்கமான சிரிப்பைச் சிரித்தாள்.
அழுத்தினேன்.
எந்தச் சத்தமும் இல்லை.
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.
அழுத்தினேன்.
வாடிக்கையாளர் ஒருவர் இருமினார்.
அழுத்திக்கொண்டே இருந்தேன்.
அடுப்பிலிருந்து அவசரமாக எடுத்த கேக் போல
அந்தச் சிரிப்பு நடுவில் மெல்ல இறங்கியது.

"எடுத்தாச்சா?"
"எப்பவோ."
"சொல்ல வேண்டாமா, மனுஷா?"
நடுவில் இருந்த கடல்சிங்கம் கொட்டாவி விட்டது.

இருபத்திரண்டு வருடமாக
அவள் தன் முகத்தை எனக்குக் கடனாகத்தான் தந்திருக்கிறாள்.
சடக் என்று கேட்டதும் திருப்பி வாங்கிக்கொள்வாள்.
ரசீது கொடுக்காத கேமராவை
வாங்கி வந்துவிட்டேன்.

இரவு, மெனுவின் பதினோராம் பக்கத்தில்
ஒளிந்திருந்தது ஓசை.
இல்லாத கதவு ஒன்றை மூடிக் காட்டும் ஓசை,
அதிலும் மூன்று வகை.
ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினேன்.
பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல்,
"முதலாவது ஸ்டேப்ளர்," என்றாள்.
"மூன்றாவது பொய் சொல்கிறது.
இரண்டாவதை வை."
வைத்தேன்.

அவள் தூங்கிய பிறகு
சந்தைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நான்கில் சிரிக்கிறாள்.
ஐந்தாவதில் சிரிப்பு முடிந்துவிட்டது.
தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது,
வராத ஒரு சத்தத்துக்குக்
காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.
அந்த முகத்தை இதுவரை நான் பார்த்ததில்லை.

அதை அவளிடம் இன்னும் காட்டவில்லை.
பதினோரு தவணை பாக்கி இருக்கிறது.